துபாஷ்: ஓர் அருஞ்சொல்லின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் அருகி வழங்கும் சொற்களுள் 'டுபாஷ்' என்பது ஒன்று. பேரகராதிகளில் இடம்பெற்றிருப்பினும் இன்றைய ஆங்கில வாசகர் பலர் இதனைப் படித்திருக்க வாய்ப்பில்லை. படித்தவரும் பதினெட்டாம் நூற்றாண்டுச் சென்னையைப் பற்றிய வரலாற்று நூல்களிலோ பழைய பயண நூல்களிலோதான் கண்டிருப்பர். தமிழில் நிலைமை வேறு. ஆனந்தரங்கப் பிள்ளையைப் பற்றிப் பள்ளியில் படித்த எவர்க்கும் 'துபாஷி' தெரிந்த சொல்லே. ஒரே சொல் ஒரு மொழியில் பட்டமாகவும் மற்றொரு மொழியில் இகழ்ச்சிக்குறிப்பு ஏறிய சொல்லாகவும் நின்றது எவ்வாறு என்பதும், மொழிபெயர்ப்பைக் குறித்த அச்சொல்லிலிருந்து மொழி என்னும் கூறே ஏன் உதிர்ந்தது என்பதும் இங்கு ஆராயப்படுகின்றன. பழைய ஆவணங்களைத் தமிழாக்குவோர் இச்சொல்லை எதிர்கொள்ளும் ஒவ்வொரு முறையும் இவ்வினாவுக்கு விடை கண்டாக வேண்டியுள்ளது.

சொல்லின் அமைப்பு எளிது. இந்துஸ்தானியில் 'து' அல்லது 'தோ' என்பது இரண்டு; 'பாஷா' என்பது மொழி. இரு மொழி வல்லவன் என்பது பொருள். இதே 'து' தமிழில் துப்பட்டா, துப்பட்டி ஆகிய சொற்களிலும் உள்ளது. இரு பட்டைகளை இணைத்த துணி என்பது அவற்றின் முதற்பொருள். துபாஷி, துபாசி, துப்பாசி எனத் தமிழில் வடிவங்கள் பல. இவற்றுள் ஒற்று இரட்டித்த வடிவம் துப்பட்டியோடு ஒத்துச் செல்வது நோக்கத்தக்கது. இகர ஈறு தமிழில் வினைமுதற் பெயர்க்கு இயல்பாக அமைந்தது. வாதி, பிரதிவாதி போன்றவற்றோடு துபாஷியும் தடையின்றிச் சேர்ந்துகொண்டது.

ஆங்கிலம் இந்த இகர ஈற்றை நிலையாகக் கொள்ளவில்லை. டுபாஷ், டோபாஷ், டெபாஷ், டுபாஷீ எனப் பலவாறு எழுதிப் பார்த்து, இறுதியில் ஈறற்ற வடிவத்தில் நிலைகொண்டது. அவ்வீறற்ற வடிவம் தமிழுக்கும் திரும்பி வந்தது. பிரபஞ்சன் போன்றோர் எழுத்தில் 'துபாஷ்' என்று காணப்படுவது அதுவே. ஆயினும் அது முழுமையான மறுகடன் அன்று. ஆங்கிலத்திலிருந்து செவிவழியாக வந்த டாக்டர், டிக்கெட்டு முதலியவற்றில் ஆங்கில நுனியண்ண ஒலியைத் தமிழர் டகரமாகவே கேட்டனர். துபாஷ் ஆங்கிலவழி மட்டுமே வந்திருப்பின் 'டுபாஷ்' என்றே ஆகியிருக்கும். தகரம் மாறாமல் நிற்பதால், முன்னரே தமிழில் இருந்த துபாஷியின் ஈறு மட்டும் ஆங்கிலச் செல்வாக்கால் உதிர்ந்தது எனக் கொள்வதே பொருந்தும்.

இருமொழியாளனை எண்ணால் சுட்டுவது இந்துஸ்தானியின் வழக்கு. பிற மொழிகள் வேறு வழிகளை மேற்கொண்டன. போர்த்துக்கீசியர் அவனை 'லிங்குவா' என்றனர். நாக்கு என்று பொருள். மலாய் மொழியின் 'ஜுரு பஹாசா' என்பது மொழித்தொழில் வல்லோன் எனப் பொருள்படும். அதிலுள்ள பஹாசாவும் நமது பாஷையே. அரபு மொழியின் 'தர்ஜுமான்' ஐரோப்பாவில் 'டிராகோமன்' ஆயிற்று. கீழ்த்திசை வாணிகத்தில் ஆங்கிலேயர் இவர்களைக் குறிக்க 'லிங்குவிஸ்ட்' என்னும் சொல்லையும் ஆண்டனர். சீனத்துக் காண்டன் துறைமுகத்தில் உரிமம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்க்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதுவே பெயர். இன்று மொழியியல் அறிஞரைக் குறிக்கும் சொல் ஒரு காலத்தில் துறைமுகத் துபாஷிக்கு உரியதாக இருந்தது என்பதை அத்துறையினர் அறிந்திருத்தல் நலம். தமிழின் சொந்தச் சொல்லோ ஆளையும் எண்ணவில்லை, நாக்கையும் எண்ணவில்லை, செயலைச் சுட்டிற்று. தொல்காப்பிய மரபியல் வழிநூல் வகைகளுள் ஒன்றாக மொழிபெயர்த்தலைக் கூறுகிறது. சங்கப் பாடல்களில் 'மொழிபெயர்' என்பது மொழி வேறுபடும் நாட்டுக்கு அடையாக வருகிறது.

ஆங்கிலத்தில் துபாஷ் பதிவான தொடக்கநிலைச் சான்றுகளுள் ஒன்று ஜான் ஃபிரையர் என்னும் மருத்துவருடையது. 1673ஆம் ஆண்டுச் செய்தியாகக் கோரமண்டல் கரையைப் பற்றி எழுதுமிடத்து, இஸ்லாமியப் பெருமக்கள் தம் மதிப்புக் கருதி அடிமை ஒருவன் வாயிலாக மறுமொழி சொல்ல இசையாமல் துபாஷ் வாயிலாகவே சொல்வர் என்கிறார். இரண்டு செய்திகள் இதில் அடங்கியுள்ளன. துபாஷ் இங்கு ஆங்கிலேயனின் ஊழியன் அல்லன். உள்நாட்டுப் பெருமகன் பக்கத்தில் நிற்பவன். மேலும், துபாஷை வைத்துக்கொள்வது பெருமைக்குரிய செயல். பிற்கால ஆங்கில வழக்கில் இவ்விரு கூறுகளும் முற்றாக மாறிப்போயின.

மாற்றத்தின் காரணம் மொழியைக் காட்டிலும் வாணிகத்தில் இருந்தது. சென்னையிலும் புதுச்சேரியிலும் கும்பினிகள் துணி கொள்முதல் செய்தபோது பேச்சை மாற்றிச் சொல்ல மட்டும் ஆள் தேவைப்படவில்லை. நெசவாளர்க்கு முன்பணம் கொடுக்கவும் அதற்குப் பிணை நிற்கவும் ஆள் வேண்டியிருந்தது. நாணயங்களை மதிப்பிடவும், அரண்மனைகளில் எவருக்கு எவ்வளவு வெகுமதி தருவது என்று அறியவும், புதிதாகக் கரையிறங்கிய துரைக்குக் கடன் கொடுக்கவும் ஒருவர் வேண்டியிருந்தது. இவை அனைத்தையும் துபாஷியே செய்தார். புதுச்சேரியில் இப்பதவிக்குப் பிரெஞ்சுக்காரர் வழங்கிய பெயர் 'கூர்த்தியே', அதாவது தரகர். ஒரே மனிதர்க்குத் தமிழ்ப்பெயர் மொழியையும் பிரெஞ்சுப்பெயர் பணத்தையும் சுட்டின என்பதே அப்பதவியின் இரட்டைத்தன்மைக்குப் போதிய சான்று.

இப்பதவியை வகித்தவர் தாமே எழுதிய பதிவு தமிழில் கிடைத்திருப்பது பெரும்பேறு. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 செப்டம்பரில் தொடங்கி 1761 வரை செல்கிறது. புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாவதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் மறைந்தார். தலைமைத் துபாஷியான கனகராய முதலி 1746இல் இறந்தபின் அவ்விடத்துக்குப் பிள்ளை வந்தார். ஆளுநர் துய்ப்ளேயின் மனைவி அதனை விரும்பவில்லை. அப்பதவி கிறித்தவர் ஒருவர்க்கே உரியது என அவர் கருதியதும், பிள்ளைக்கு எதிராக அவர் இயங்கியதும் நாட்குறிப்பில் கசப்போடு பதிவாகியுள்ளன. சமயமும் பணமும் இப்பகைக்குக் காரணங்களாக எடுத்துக்காட்டப்படுவதுண்டு. மொழி நோக்கில் மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. புதுச்சேரியிலேயே பிறந்து வளர்ந்த அம்மையார்க்குத் தமிழ் தெரியும். துபாஷியின் செல்வாக்கு, அவர் அறிந்த இரு மொழிகளையும் அறிந்த வேறொருவர் அவையில் இல்லாமையைச் சார்ந்தது. அத்தகைய ஒருவர் ஆளுநர் வீட்டினுள்ளேயே இருந்தது பிள்ளைக்கு எத்தகைய இடர் என்பதை மொழிபெயர்ப்பாளர் எளிதில் உணர்வர்.

அந்நாட்குறிப்பின் தமிழே இரு கரைகளுக்கிடையே நடமாடும் தமிழ். கும்பினி, குவர்னதோர், கோன்சேல் எனப் போர்த்துக்கீசிய, பிரெஞ்சுச் சொற்கள் தமிழ் வேற்றுமை உருபுகளை ஏற்று அதில் இயல்பாக வருகின்றன. பாரசீகச் சொற்களுக்கோ கணக்கில்லை. இதனைக் கொச்சை என்று தள்ளுவோர் உண்டு. அது பொருந்தாக் கூற்று. அக்காலத் துறைமுக அலுவல் தமிழுக்கு இதைவிடச் செறிவான சான்று வேறொன்றைச் சுட்டுவது அரிது. இந்நாட்குறிப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளிவந்தது. முதல் தொகுதிகளைப் பதிப்பித்த பிரடெரிக் பிரைஸ் என்பார்க்கு ரங்காச்சாரி துணைநின்றார். துபாஷியின் நூலை ஆங்கிலமாக்க மீண்டும் ஓர் இருமொழியாளரின் துணை வேண்டியிருந்தது.

தென்னாட்டு நூல்கள் துபாஷியை எவ்வாறு கண்டன என்பதற்கு வேறு சான்றுகளும் உள்ளன. சீனிவாச கவி 1752இல் வடமொழியில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' இயற்றினார். பிகட் ஆளுநரின் துபாஷியான மணலி முத்துகிருஷ்ண முதலியார் அருணாசலக் கவிராயரின் இராம நாடகத்துக்குப் புரவலராக விளங்கினார். 1800ஐ ஒட்டி எழுந்த 'சர்வதேவ விலாசம்' என்னும் வடமொழி நூல் சென்னைச் செல்வர்களை வள்ளல்களாகவும் கோயில் தருமகர்த்தாக்களாகவும் காட்டுகிறது. அவர்களுள் துபாஷிகள் பலர். 1794இல் மறைந்த பச்சையப்ப முதலியாரின் அறக்கொடை இன்றளவும் கல்வி நிறுவனங்களாக நிலவுகிறது. அவர்க்கு இளமையில் ஆதரவளித்த நாராயண பிள்ளை, தாம் பணிபுரிந்த ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயரால் 'பவுனி' நாராயண பிள்ளை என்றே அறியப்பட்டார். துரையின் பெயர் துபாஷிக்கு முன்னொட்டாக அமைந்தது இழிவாகக் கருதப்பட்டதாகத் தெரியவில்லை. புரவலரைப் பாடும் இலக்கியம் குறை கூறாது என்பது உண்மையே. இவற்றை மட்டும் கொண்டு துபாஷிகள் அனைவரும் அறவோர் எனல் பேதைமை. ஆயினும் 'இரு மொழி' என்பது இந்நூல்களில் ஐயத்துக்கு இடமாகவில்லை.

அதே ஆண்டுகளில் ஆங்கில எழுத்தில் துபாஷ் வஞ்சகனாக உருப்பெற்றான். இதற்கு வலுவான எடுத்துக்காட்டு அவதானம் பாப்பையா. 1789இல் சென்னையின் தற்காலிக ஆளுநராகப் பொறுப்பேற்ற ஜான் ஹாலந்தின் துபாஷ் அவர். மைசூரின் திப்பு சுல்தான் திருவிதாங்கூர் எல்லை அரணைத் தாக்கிய காலம் அது. ஹாலந்து பதவி நீங்கிய பின்னர், வருவாய்க் குழு உறுப்பினரான டேவிட் ஹாலிபர்ட்டன் மீது பொய்க் குற்றம் புனைந்து அவரைப் பதவியிலிருந்து அகற்றச் சதி செய்ததாகப் பாப்பையா மீதும் உடனிருந்தோர் மீதும் 1792இல் சென்னையில் வழக்கு நடந்தது. பாப்பையா குற்றவாளி எனத் தீர்ப்பாயிற்று. வழக்கின் நடவடிக்கைகள் அச்சாகியும் வெளிவந்தன.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னர் இப்பெயர் எதிர்பாராத ஓரிடத்தில் தோன்றியது. சர் வால்டர் ஸ்காட் 1827இல் வெளியிட்ட 'தி சர்ஜன்ஸ் டாட்டர்' என்னும் கதையில் சென்னை ஆளுநரின் துபாஷாக வருபவன் பெயர் பாப்பையா. சூழ்ச்சியில் ஊறிய ஆலோசகனாக, ஆளுநர்க்கும் உள்நாட்டு அரசவைகளுக்கும் இடையே செய்தி கடத்துபவனாக ஸ்காட் அவனைப் படைத்துள்ளார். கதையின் இறுதிக் களம் மைசூர் அரசு. பெங்களூரில் ஹைதர் அலியின் ஆணைப்படி யானைக்காலில் வஞ்சகன் மிடில்மாஸ் மாய்கிறான். இதில் காலவழு ஒன்று உள்ளது. ஹைதர் 1782 டிசம்பரில் மறைந்தார். வரலாற்றுப் பாப்பையா அதிகாரம் பெற்றதோ ஹாலந்தின் ஆட்சியில், அதாவது ஏழாண்டுகள் கழித்து. இருவரையும் ஒரே மேடையில் ஏற்றியது புனைகதை. ஸ்காட் இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். அவருடைய தந்தைவழிப் பாட்டி ஹாலிபர்ட்டன் குடும்பத்தவர் என்பது இங்கு நினைவிற்கொள்ளத் தக்கது. சென்னை வழக்கின் கதை அவர் செவிக்கு எட்ட அச்சுநூல் ஒன்றே வழி என்பதில்லை.

ஸ்காட்டின் கதையில் ஹைதரும் திப்புவும் தம் குரலிலேயே பேசுகின்றனர். இடைநின்றவன் மட்டுமே நம்பத்தகாதவன். ஆளுநரின் ஊழல் துபாஷின் கறையாக மாற்றப்பட்டு எழுதப்படுவதை இங்குக் காணலாம். ஹாலந்து சகோதரர்களும் குற்றச்சாட்டுக்கு உள்ளானவர்களே. ஆனால் ஆங்கிலக் கதையிலக்கியத்தில் பெயரோடு எஞ்சியவர் துபாஷ்.

அகராதியாளரும் இக்கருத்திலிருந்து விலகி நிற்கவில்லை. யூல், பர்னெல் ஆகியோரின் 'ஹாப்சன்-ஜாப்சன்' 1886இல் வெளிவந்தது. பர்னெல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாகப் பணியாற்றியவர். தென்னிந்திய எழுத்தியல் ஆய்வில் பெயர்பெற்றவர். சென்னைக்கு வெளியே வழக்கிறந்த சொல்லாகவும், சென்னையிலும் மூலப்பொருளை இழந்துவரும் சொல்லாகவும் துபாஷ் அதில் குறிக்கப்படுகிறது. வணிக நிறுவனங்களில் உள்நாட்டாரோடு அலுவல் முடிக்கும் தரகர், கல்கத்தாவின் பனியனுக்கு நிகரானவர் என்னும் பொருள் தரப்படுகிறது. குரூக் விரிவாக்கிய 1903ஆம் ஆண்டுப் பதிப்பில், ஐரோப்பியர்க்கு உடை எடுத்துக்கொடுக்கும் வீட்டு ஊழியன் என்னும் நிலைக்குச் சொல் இறங்கிவிடுகிறது. பதிவின் இடையில் குஜராத்தி வழக்கு ஒன்றும் காட்டப்படுகிறது. அங்கு அச்சொல், பொய் சொல்லி மனிதர்களிடையே கலகம் மூட்டும் தீய ஆவியைக் குறிக்குமாம். உடனே ஜான் பனியனின் உருவகக் கதையில் வரும் 'இருநாவார்' என்னும் பாத்திரத்தை எடுத்துக்காட்டி, துபாஷின் மூலப்பொருளே இதனால் விளங்குகிறது என்கின்றனர் ஆசிரியர்கள். அக்கதையைத் தமிழர் கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் வழியாக அறிவர்.

இங்கு அகராதி வழுக்குகிறது. இரு மொழி என்பதும் இரு நா என்பதும் ஒன்றல்ல. இரட்டை நாக்கு எனத் தமிழிலும் இகழ்வதுண்டு. அது சொன்ன சொல் மாறுபவனைக் குறிப்பது, மொழிகள் பல அறிந்தவனைக் குறிப்பதன்று. குஜராத்தி வழக்கு ஒரு வட்டாரத்துக் கிளைப்பொருள்; அதனைச் சொல்லின் மூலத்துக்கு விளக்கமாகக் கொள்வது முறையன்று. தான் அறியாத மொழியில் தன் பெயரால் என்ன பேசப்படுகிறது என்று அறிய இயலாதவனின் அச்சமே இவ்விளக்கத்தில் ஒலிக்கிறது.

அவ்வச்சம் நிருவாகத்திலும் விளைவுகளை உண்டாக்கியது. 1794 முதல் 1798 வரை செங்கற்பட்டு ஜாகீரில் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஊரார் எதிர்ப்புக்கெல்லாம் சென்னைத் துபாஷிகளே காரணம் எனக் குறை கூறினார். இலங்கையிலும் இதன் எதிரொலி கேட்டது. 1796இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய கரையோரப் பகுதிகளில் சென்னை அதிகாரிகளின் வரிமுறை புகுந்ததும், 1797இல் கலகம் மூண்டதும் வரலாறு. பின்னர் வந்த ஆளுநர் பிரடெரிக் நோர்த் அமில்தார்களையும் துபாஷ்களையும் கரையிலிருந்து துரத்தினார் எனப் பாராட்டும் தொனியில் வலென்ஷியா பிரபு 1809இல் எழுதினார். வரிமுறையை வகுத்தவர்களைப் பற்றி அங்கும் பேச்சில்லை.

துபாஷியை விலக்க ஒரே வழி, துரைகள் தாமே மொழி கற்பது. 1812இல் சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டதற்கு இந்நோக்கமும் ஒரு காரணம். அக்கல்லூரியை உருவாக்கிய எல்லிஸ், அங்கிருந்த பண்டிதர்களின் துணையோடு, 1816இல் கேம்பலின் தெலுங்கு இலக்கணத்துக்கு எழுதிய முன்னுரைக் குறிப்பில் தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலியவை வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று நிறுவினார். கால்டுவெல்லின் நூல் வந்தது அதற்கு நாற்பதாண்டுகள் கழித்து. திராவிட மொழியியலின் தோற்றத்துக்குப் பின்புலமாக அமைந்தவற்றுள் துபாஷிகள் மீதான ஐயமும் ஒன்று என்பது இத்துறை வரலாறுகளில் போதிய அழுத்தம் பெறாத செய்தி.

சொல்லின் பொருள் பிளந்ததும் இக்காலத்திலேயே. நீதிமன்றங்களில் மொழிபெயர்ப்பு தனிப்பதவியாயிற்று. அதற்கு 'இன்டர்பிரெட்டர்' என்னும் ஆங்கிலப்பெயர் வந்தது. 1830-31இல் காசி யாத்திரை சென்று அதனைத் தெலுங்கில் எழுதிய ஏனுகுல வீராசாமி ஐயர் சென்னை உச்சநீதிமன்றத்தின் தலைமை இன்டர்பிரெட்டர். இரண்டு தலைமுறைக்கு முன் பிறந்திருப்பின் அவர் துபாஷி எனப்பட்டிருப்பார். மொழிப்பணி புதிய பெயரோடு பிரிந்து செல்ல, பழைய பெயரில் தரகும் வீட்டு ஊழியமும் எஞ்சின. மும்பையில் கப்பல்களுக்குப் பொருள் வழங்குவோரைக் குறித்த துபாஷ் என்னும் சொல் பார்சிகளின் குடும்பப்பெயராகவும் நிலைத்தது. காலா கோடா பகுதியில் அப்பெயரில் ஒரு சாலையும் உண்டு. இந்த வழக்கில் மொழிக்கு இடமே இல்லை.

ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவோர்க்கு இதனால் எழும் சிக்கல் சிறிதன்று. எங்கும் 'மொழிபெயர்ப்பாளர்' என்றெழுதின் பச்சையப்பரின் வாழ்க்கை விளங்காது. 'தரகர்' என்றெழுதின் ஆனந்தரங்கப் பிள்ளை சிறுத்துப்போவார். 'இடைத்தரகர்' என்னும் இன்றைய சொல் இகழ்ச்சி தோய்ந்தது. ஃபிரையரின் 1673ஆம் ஆண்டு வாக்கியத்தில் அதனை இடுவது பிழையே ஆகும். 1780க்குப் பிந்திய சென்னை ஆங்கில எழுத்துகளில் இகழ்ச்சிக் குறிப்பு உண்டு. அதனை மறைப்பதும் பிழை. மானுடம் வெல்லும், வானம் வசப்படும் ஆகிய நாவல்களில் பிரபஞ்சன் சொல்லை மாற்றாது வைத்துக்கொண்டு, பதவியின் பெருமையையும் சிறுமையையும் கதைநிகழ்ச்சிகளால் உணர்த்தினார். ஆய்வு நூல்களிலும் துபாஷி என்றே வைத்து, இன்ன ஆண்டில் இன்னார் வாய்ச்சொல் என்பதைத் தொடரமைப்பால் காட்டுவதே தக்க வழியாகத் தோன்றுகிறது. 1900ஐ ஒட்டிய ஆங்கில நூல்களில் வீட்டு ஊழியனைக் குறிக்குமிடத்து மட்டும் 'துரை வீட்டுப் பணியாள்' என்று பெயர்த்தல் தகும்.

அவதானம் பாப்பையாவின் பெயர் சென்னைச் சூளையில் ஒரு சாலைக்கு இன்றும் உள்ளது. அவதானம் என்பது பலவற்றில் ஒருசேரக் கவனம் வைக்கும் திறன். துபாஷிக்கு வேண்டிய திறனும் அதுவே. ஆங்கிலத்தில் அச்சாலையின் பெயரை எழுதுவோர் பாப்பையாவைப் 'பேப்பியர்' என்று ஒலிக்குமாறு எழுதிவருகின்றனர். அதே எழுத்துகள் பிரெஞ்சில் காகிதம் என்று பொருள்படும்.